இந்த வீடு எதற்காக? புதிதாக மணமுடித்த கிறிஸ்தவத் தம்பதியருக்கு

திருமணம் முடிந்து இரண்டு மூன்று மாதங்கள் ஆனதும் வீட்டுக்குள் ஓர் அமைதி வந்து உட்காரும். பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாகிவிடும். உறவினர் வீட்டு விருந்துகள் ஓய்ந்துவிடும். ஆல்பத்தை எல்லாரும் பார்த்து முடித்திருப்பார்கள். அதுவரை கல்யாண வேலை என்ற ஒன்று இருவரையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும். அது முடிந்த பிறகு, மாலையில் வேலைவிட்டு வந்து எதிரெதிரே உட்காரும் இருவருக்கும் சேர்ந்து செய்ய ஒன்றும் இல்லாமல் போகிறது. பல வீடுகளில் அந்த இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொள்கிறது.

எங்கள் சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரத்தில்) ஓலை வாசிப்பதற்கு, அதாவது திருமண அறிவிப்பை ஆலயத்தில் வாசிப்பதற்கு முன் மணமக்களுக்கு நடக்கும் ஆயத்த வகுப்புகளில் நானும் என் மனைவியும் சில ஆண்டுகளாகப் பங்கெடுத்து வருகிறோம். வகுப்புக்கு வரும் பிள்ளைகள் சம்பளத்தை யார் கையில் கொடுப்பது, தனிக்குடித்தனம் போகலாமா, மாமியாரை எப்படி அழைப்பது என்றெல்லாம் தயங்காமல் கேட்கிறார்கள். நாங்கள் அமைக்கப்போகும் வீடு எதற்காக என்று கேட்டவர்கள் மிகவும் குறைவு. ஆனால் ஐந்து, பத்து ஆண்டுகள் கழித்து மனம் கசந்து எங்களைத் தேடி வருகிறவர்களிடம் பேசிப் பார்த்தால், அன்பு வற்றியதற்கு முன்பே அந்த வீட்டில் பொதுவான வேலை வற்றிப்போயிருப்பது தெரிகிறது. அதனால்தான் முதல் ஆண்டிலேயே செய்து முடிக்கக்கூடிய சில காரியங்களை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

திருமண ஆராதனை முறையை மறுபடி எடுத்து வாசியுங்கள்

திருமண நாளில் அச்சடித்துக் கொடுத்த ஆராதனைப் பிரதி வீட்டில் எங்காவது இருக்கும். அன்றைக்குப் பட்டுச் சேலையின் கனத்திலும், வீடியோ விளக்கின் வெக்கையிலும், மோதிரம் விரலில் ஏறுமா என்ற பதற்றத்திலும் அதில் ஒரு வரிகூட உங்கள் காதில் விழுந்திருக்காது. ஒரு சனிக்கிழமை மாலை இருவரும் உட்கார்ந்து அதை மாறி மாறிச் சத்தமாக வாசியுங்கள். ஆங்கிலிக்கன் திருச்சபையின் 1662-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகம், திருமணம் எதற்காக ஏற்படுத்தப்பட்டது என்பதற்கு மூன்று காரணங்களை வெளிப்படையாகச் சொல்கிறது: பிள்ளைகளைப் பெற்றுக் கர்த்தருக்குப் பயப்படும் பயத்திலே வளர்ப்பது, பாவத்துக்கு விலகிக் காக்கப்படுவது, வாழ்விலும் தாழ்விலும் ஒருவருக்கொருவர் துணையும் உதவியும் ஆறுதலுமாக இருப்பது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும் 1055-ஆம் விதியில், தம்பதியரின் நன்மையையும் பிள்ளைகளைப் பெற்று வளர்ப்பதையும் சேர்த்தே திருமணத்தின் நோக்கமாகக் கூறுகிறது. சபை எதுவானாலும், வாக்குக் கொடுக்கும் முன் எதற்காக என்ற கேள்விக்கு விடை வாசிக்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள்.

பின்பு ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்துக்கு வாருங்கள். "மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல, ஏற்ற துணையை அவனுக்கு உண்டாக்குவேன்" என்ற 18-ஆம் வசனம் திருமண அழைப்பிதழ்களில் எல்லாம் இருக்கிறது. அதற்கு மூன்று வசனங்களுக்கு முன்னால், தோட்டத்தைப் "பண்படுத்தவும் காக்கவும்" மனிதன் வைக்கப்பட்டான் என்று எழுதியிருப்பதை நாம் சேர்த்து வாசிப்பதில்லை. முதலில் தோட்டமும் வேலையும் இருந்தன. அந்த வேலைக்கு நடுவில்தான் துணை வந்தாள். துணை என்ற சொல்லைக் கேட்டதும் எடுபிடி என்று நினைத்துக்கொள்ளும் ஆண்கள் நம்மிடையே உண்டு. எபிரெய மூலத்தில் அங்கே இருக்கும் 'ஏசெர்' என்ற சொல்தான், "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக" என்று தொடங்கும் 121-ஆம் சங்கீதத்திலும் ஒத்தாசைக்கு வருகிறது. கர்த்தரிடத்திலிருந்து வரும் உதவிக்குப் பயன்படும் சொல்லால் மனைவி அழைக்கப்படுகிறாள் என்று தெரிந்தபின், காபி ஆறிவிட்டது என்று அவள்மேல் எரிந்துவிழ மனம் வராது.

இரண்டு தம்பதியரை நெருங்கிப் பாருங்கள்

வேதாகமத்தில் இதற்கு நல்ல மாதிரி ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். கிலவுதியு ராயன் யூதரை ரோமாபுரியை விட்டுப் போகச் சொன்னபோது ஊரை இழந்து கொரிந்துவுக்கு வந்தவர்கள். தொழில் கூடாரம் பண்ணுவது. அதே தொழில் தெரிந்த பவுல் அவர்களோடு தங்கி வேலை செய்தார். பிறகு எபேசுவில், வாக்குவன்மை உள்ள அப்பொல்லோ அரைகுறையாகத் தெரிந்துகொண்டு பிரசங்கிப்பதைக் கேட்டபோது, சபைக்கு நடுவில் அவனை மடக்காமல் தங்களிடம் சேர்த்துக்கொண்டு, இன்னும் தெளிவாக விளங்கவைத்தார்கள். அவர்கள் வீட்டிலேயே சபை கூடிற்று. புதிய ஏற்பாட்டில் ஆறு இடங்களில் இவர்கள் பெயர் வருகிறது. ஓரிடத்திலாவது ஒருவரை விட்டு மற்றவர் பெயர் வரவில்லை, சில இடங்களில் மனைவியின் பெயரே முந்தி நிற்கிறது. அவர்களுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா என்றுகூட வேதம் சொல்லவில்லை. வைத்திருந்தது ஒரு தொழில், ஒரு வீடு, வந்தவருக்குத் திறக்கும் ஒரு கதவு. இவை மூன்றும் ஒரே வேலைக்குப் பயன்பட்டன.

நம் மண்ணிலிருந்து ஒரு தம்பதியர். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1898-இல் அன்பு அம்மையாரை மணந்தார். பெண்கள் கல்லூரி வாசலை மிதிப்பதே அரிதாயிருந்த காலத்தில் கல்லூரிப் படிப்புப் படித்தவர் அந்த அம்மையார். 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டதில் அசரியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. பிறரை அனுப்புகிற பொறுப்போடு நின்றுவிடாமல், 1909-இல் அவரே தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லுக்கு ஊழியராகப் போனார்; 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். தமிழ் பேசும் ஊரையும் உற்றாரையும் விட்டு, வேறு மொழி பேசும் ஏழைக் கிராமங்களுக்கு நடுவில் குடும்பம் நடத்துவது கணவன் மட்டும் தீர்மானித்து நடக்கிற காரியமல்ல. அன்பு அம்மையார் அங்கே பெண்கள் நடுவில் செய்த பணியையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் குடும்பம் முழுதாகத் தெரியும்.

இவர்களைப்போல நாங்கள் எங்கே என்று மலைக்க வேண்டாம். அவர்களும் ஒரு வீட்டில் அடுப்பு மூட்டித்தான் தொடங்கினார்கள்.

உங்கள் நோக்கத்தை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒன்றே ஒன்றைச் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். கைப்பேசிகளை வேறு அறையில் வைத்துவிட்டு, ஆளுக்கொரு தாளை எடுத்துக்கொண்டு, அரைமணி நேரம் பேசாமல் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். யாருடைய துன்பத்தைப் பார்க்கும்போது என் மனம் பொறுக்கவில்லை? எந்த வேலையைக் கூலி தராவிட்டாலும் நான் மகிழ்ச்சியாகச் செய்வேன்? நம் வீட்டில் நமக்குப் போக மிச்சம் இருப்பது எது — இடமா, நேரமா, படிப்பா, கைத்தொழிலா, சமையலா? எழுதியபின் தாள்களை மாற்றிக்கொள்ளுங்கள். மற்றவர் எழுதியதைப் படிக்கும்போது "இது நமக்கு ஒத்துவராது" என்ற சொல் அன்றைக்கு ஒருநாள் மட்டும் வாயில் வரக்கூடாது. காதலித்து மணந்தவர்கள்கூட அந்தத் தாளைப் பார்த்து, "இதை நீ எங்கிட்டச் சொன்னதே இல்லையே" என்று வியந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இரண்டு தாள்களுக்கும் பொதுவாக இருப்பதைக் கொண்டு ஒரு வாக்கியம் அமையுங்கள். "நாங்கள் கர்த்தருக்காக வாழ்வோம்" என்று முதலில் எல்லாரும் எழுதுவார்கள். அது உண்மையான வாக்கியம்தான். ஆனால் அதைச் செய்தீர்களா இல்லையா என்று வருகிற செவ்வாய்க்கிழமை யாராலும் சொல்ல முடியாது. ஆளும் இடமும் நாளும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். "நம் தெருவில் பத்தாம் வகுப்பு எழுதும் மூன்று பிள்ளைகளுக்குச் செவ்வாயும் வெள்ளியும் மாலையில் நம் வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுப்போம்" என்பது போதுமான வாக்கியம். "தனியாக இருக்கும் நம் சபைப் பெரியவர்கள் இருவரை மாதந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துப்போய் வருவோம்" என்பதும் அப்படியே. சிறியதாக இருக்கிறதே என்று வெட்கப்படாதீர்கள். பெரிதாக எழுதிய நோக்கங்கள் பெரும்பாலும் எழுதிய தாளிலேயே இருந்துவிடுகின்றன.

பெரிய எழுத்து வேதாகமங்கள் சிலவற்றில் பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே குடும்ப விவரம் எழுதச் சில பக்கங்கள் விட்டிருப்பார்கள். திருமண நாள், பிள்ளைகளின் பிறப்பு, ஞானஸ்நானம், மரணம் ஆகியவற்றைத் தாத்தாமார் மைப்பேனாவால் எழுதிவைத்த பக்கம் அது. உங்கள் வாக்கியத்தை அங்கே தேதியிட்டு எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள்.

ஒரு வீட்டில் நடந்தது

இளம் தம்பதியர் இருவர். கணவர் மின்பணியாளர், மனைவி ஒரு மருத்துவமனையில் முறைமாற்றி வேலைபார்க்கும் செவிலியர். தாளை எடுத்துவைத்துக்கொண்டு இருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கடைசியில் அந்தப் பெண் ஒரு வரி எழுதினாள்: நோயாளிக்குச் சாப்பாடு வந்துவிடுகிறது, கூட இருந்து பார்த்துக்கொள்ளும் அம்மாமார் பலர் இரவில் வெறும் டீயைக் குடித்துவிட்டுக் கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்கிறார்கள். அந்த வரியிலிருந்து அவர்கள் நோக்கம் பிறந்தது. சனிக்கிழமைதோறும் எட்டுப் பொட்டலம் எலுமிச்சைச் சாதம். எட்டுக்கு மேல் அவர்கள் அடுப்பும் தாங்காது, பணப்பையும் தாங்காது.

இரண்டாம் ஆண்டில் அவர்களுக்குள் பெரிய சண்டை வந்தது. கணவர் தன் தம்பிக்கு மனைவியிடம் சொல்லாமல் பணம் கொடுத்திருந்தார். நான்கு நாட்கள் ஒரே வீட்டில் பேச்சில்லை. ஐந்தாம் நாள் சனிக்கிழமை. சாதம் வடித்தாகிவிட்டது, வாழையிலை துண்டு போட்டாகிவிட்டது. வாழையிலையில் சோற்றை வைத்து, செய்தித்தாளால் சுற்றி, நூல் கட்டுவது ஒரு கையால் நடக்கிற வேலையல்ல. ஒருவர் மடிப்பைப் பிடிக்க வேண்டும், மற்றவர் நூலைச் சுற்ற வேண்டும், முடிச்சு விழும் இடத்தில் முதலாமவர் விரலால் அழுத்த வேண்டும். முதல் மூன்று பொட்டலங்களும் பேசாமலே கட்டப்பட்டன. நான்காவதில் நூல் வழுக்கியது. "விரலை எடுக்காதீங்க" என்றாள் அவள். "எடுக்கல, கட்டு" என்றார் அவர். நான்கு நாட்களில் பேசிய முதல் சொற்கள் அவை. எட்டாவது பொட்டலம் முடிந்தபோது அவர் தம்பியின் கடனைப் பற்றி முழுதும் சொல்லியிருந்தார். அந்தப் பணம் திரும்பி வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து கேட்காமல் கொடுப்பதில்லை என்ற முடிவு அந்த வீட்டில் நிலைத்துவிட்டது.

பொதுவான வேலை ஒன்று இருந்தால் சண்டை வராது என்று நான் சொல்லமாட்டேன். சண்டையின் நடுவிலும் பக்கத்தில் வந்து நிற்க ஒரு காரணம் கிடைக்கும்.

சேர்ந்து ஜெபிக்கத் தொடங்குவது

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த இருவருக்குக்கூட ஒருவர்முன் ஒருவர் வாய்திறந்து ஜெபிப்பதில் முதலில் கூச்சம் இருக்கும். சபையில் நீளமாக ஜெபிக்கிறவர்கள் மனைவியின் முன்னால் தடுமாறுவார்கள், ஏனென்றால் அவருடைய முகத்தை அவள் வீட்டில் பார்க்கிறாள். ஆகவே குறைவாகத் தொடங்குங்கள். ஒரு நாளுக்கு ஒரு சங்கீதம் வாசித்தால் 150 சங்கீதங்களும் ஐந்து மாதங்களில் முடியும். நீதிமொழிகளின் 31 அதிகாரங்களும் மாதத்தின் நாட்களுக்குப் பொருந்தும். ஒருவர் வாசிக்க, மற்றவர் இரண்டு வாக்கியம் ஜெபிக்க, இருவரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்ல, பத்து நிமிடம் போதும். பாட வருமானால் ஒரு கீர்த்தனையின் பல்லவியாவது பாடுங்கள்.

இந்த ஜெபத்தில் மனைவியையோ கணவனையோ கர்த்தரிடம் குற்றம்சாட்டக் கூடாது. "ஆண்டவரே, இந்த வீட்டில் இருப்பவர்களுக்குப் பொறுமையைத் தாரும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது ஜெபத்தின் உருவத்தில் வரும் வசைதான். நீங்கள் எழுதிய நோக்கத்துக்குரிய மனிதர்களைப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். இரவுப்பணி உள்ள வீடுகளில் இருவரும் கண்விழித்திருக்கும் நேரத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்; அது காலை ஐந்தரை மணியாக இருந்தாலும் சரி.

கணவர் வளைகுடாவில் இருக்கும் குடும்பங்கள் நம் தென்மாவட்டங்களில் ஏராளம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. கத்தார், குவைத், சவூதி இரண்டரை மணி நேரம். வாரத்தில் ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு அந்த அழைப்பில் பணப் பேச்சைத் தொடாமல், வாசித்து ஜெபித்து, நோக்கத்துக்குரிய வேலை எதுவரை வந்திருக்கிறது என்று மட்டும் பேசுங்கள். ஊரில் இருக்கும் மனைவி செய்வதைக் கடல்கடந்து இருப்பவர் விவரமாகக் கேட்டாலே பங்காளியாகிவிடுவார். அனுப்பும் பணத்தோடு தன் பங்கு முடிந்தது என்று நினைப்பவருக்குத் திரும்பி வரும்போது அந்த வீடு விருந்தினர் வீடுபோலத் தோன்றும்.

பணத்தை நோக்கத்தோடு கட்டுங்கள்

புதுவீட்டின் முதல் மாதமே நகைக்கடன் வட்டியோடு தொடங்குகிற குடும்பங்கள் பல. வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது எல்லாருக்கும் தெரியும். "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, அவர்களாகச் செய்தார்கள்" என்று வேறு பெயரில் அது நம் ஆலயங்களுக்குள்ளும் நடந்துகொண்டிருக்கிறது என்பதும் தெரியும். அந்தப் பாரத்தோடு தொடங்கும் இருவர் ஒருமனப்பட்டு நடப்பது கடினம். இன்னும் மணமாகாதவர்கள் இதை வாசித்தால், உங்கள் முதல் பொதுத் தீர்மானம் அதை மறுப்பதாக இருக்கட்டும். ஏற்கெனவே கடனில் இருப்பவர்கள் யாருக்கு எவ்வளவு என்று இருவர் பக்கத்துக் கடனையும் ஒரே தாளில் எழுதி, முதலில் எதை அடைப்பது என்று முடிவு செய்யுங்கள். ஒளித்துவைத்த கடன் ஒருநாள் வாசலில் வந்து நிற்கும்.

கடன் முடியட்டும், பிறகு பிறருக்குச் செய்யலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அந்த நாள் வராது. மிசோரம் திருச்சபைப் பெண்கள் 1910 முதல் ஒரு வழக்கத்தைக் காத்து வருகிறார்கள். சமைக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடியைத் தனிப் பாத்திரத்தில் போட்டு, சேர்ந்ததை ஆலயத்துக்குக் கொடுக்கிறார்கள். அதை விற்ற பணம் மிஷனெரிகளைத் தாங்குகிறது. அங்கே ஏழைக்கும் வசதியானவருக்கும் கை ஒரே அளவுதான். நம் ஊர்களிலும் கைப்பிடி அரிசிக்கென்று அடுக்களையில் ஒரு மண்கலயம் வைத்திருந்த பாட்டிமார் இருந்தார்கள். உங்கள் நோக்கத்துக்கென்று ஒரு டப்பாவை அடுக்களையில் வையுங்கள். அதில் இருவர் கையும் படவேண்டும். தசமபாகம், காணிக்கை, சங்கச் சந்தா ஆகியவற்றை எவ்வளவு, எப்போது என்று இருவரும் பேசி முடிவுசெய்யுங்கள். ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் ஊழியங்களுக்கு வாரிக் கொடுப்பதும் ஒருவகை வஞ்சனைதான்.

விட்டு வருவதும் தனித்துப் பேசுவதும்

"புருஷன் தன் தகப்பனையும் தன் தாயையும் விட்டு" என்ற வசனத்தை ஆணுக்குச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். நம் வழக்கத்தில் பெண்தான் விட்டு வருகிறாள். வேதம் ஆணையும் விடச் சொல்கிறது. பெற்றோரைக் கனம்பண்ணுவதற்கும் அவர்கள் கையில் முடிவுகளை விடுவதற்கும் வேறுபாடு உண்டு. அவர்களுக்கு மருந்துக்கும் உணவுக்கும் குறைவில்லாமல் பாருங்கள், வாரம் ஒருமுறை போய் உட்கார்ந்து பேசுங்கள். ஆனால் வீட்டு வாடகை, வேலைமாற்றம், பிள்ளைப்பேறு, நீங்கள் எழுதிய நோக்கம் ஆகியவற்றில் கடைசிச் சொல் உங்கள் இருவருடையதாக இருக்கட்டும். கணவர் தன் வீட்டாரிடமும் மனைவி தன் வீட்டாரிடமும் அந்த முடிவைச் சொல்வது நல்லது. மருமகள் வாயால் வந்தால் அதே முடிவு வேறு நிறம் எடுத்துக்கொள்ளும்.

மனத்தாங்கல் வந்தால் முதலில் அம்மாவுக்குப் போன் செய்யாதீர்கள். குற்றம் செய்தவனிடம் நீயும் அவனும் தனித்திருக்கையில் பேசு என்று மத்தேயு 18-இல் இயேசு சொன்ன ஒழுங்கு சபைக்கு மட்டுமல்ல, படுக்கையறைக்கும் பொருந்தும். சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக எரிச்சல் தணியவேண்டும் என்ற எபேசியர் வசனத்தைச் சிலர் நள்ளிரவுவரை வாதாடுவதற்கு அனுமதியாக எடுத்துக்கொள்கிறார்கள். களைத்திருக்கும்போது எந்த வழக்கும் தீராது. "இன்றைக்கு என் கோபத்தை விட்டுவிட்டேன், நாளைக்குக் காலையில் பேசுவோம்" என்று சொல்லிவிட்டுத் தூங்குங்கள். ஆனால் காலையில் கட்டாயம் பேசுங்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், தயவுசெய்து, நன்றி, மன்னித்துவிடு என்ற மூன்று சொற்களைக் குடும்பங்களுக்குத் திரும்பத் திரும்ப நினைவூட்டுவார். நம் வீடுகளில் ஆண்கள் வாயில் மூன்றாவது சொல் மிகவும் அரிது. பேச வராவிட்டால் டம்ளரில் காபியை ஆற்றிக்கொண்டுவந்து வைக்கிறோம், அதையே மன்னிப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். காபியையும் கொடுங்கள், சொல்லையும் சொல்லுங்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அடி உதையை, பட்டினி போடுவதை, பூட்டிவைப்பதை, குடித்துவிட்டு மிரட்டுவதை ஜெபத்தோடு பொறுத்துக்கொள்வது நோக்கமுள்ள வாழ்க்கை ஆகாது. சேர்ந்து கட்டும் வேலை அங்கே ஏற்கெனவே ஒருவரால் உடைக்கப்பட்டுவிட்டது. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மனைவியைக் கனம்பண்ணாத கணவனின் ஜெபத்துக்கே தடைவரும் என்று பேதுரு எழுதியதைப் போதகர்கள் பிரசங்கபீடத்தில் நின்று ஓங்கிச் சொல்ல வேண்டும்.

சபை வேலை வீட்டை விழுங்காமல்

இது என் தவறு. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மணமான முதல் மூன்று ஆண்டுகளில் நான் பாடகர் குழுவில் இருந்தேன், ஓய்வுநாள் பாடசாலையில் வகுப்பெடுத்தேன், சேகரக் கமிட்டியில் இருந்தேன், பிரதிஷ்டைப் பண்டிகை வந்தால் வசூலுக்கும் போனேன். இரவு ஒன்பதரைக்குத்தான் வீட்டுக்கு வருவேன். ஊழியம் செய்கிறேன் என்ற நிறைவு எனக்கு இருந்தது. ஓர் இரவு சோற்றைப் போட்டுவிட்டு மனைவி கேட்டாள்: "இதுல எந்த வேலைக்காவது நான் வேணுமாங்க?" கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் ஒவ்வொன்றாக யோசித்தேன். ஒன்றுக்கும் அவள் வேண்டியிருக்கவில்லை. சோறு போடவும், வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடவும்தான் வேண்டியிருந்தாள்.

அடுத்த மாதமே இரண்டு பொறுப்புகளை ஒப்படைத்தேன். வேகம் குறைந்துவிட்டதே என்று ஒருவர் வருத்தப்பட்டார். அவளுக்குப் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல நன்றாக வரும். எனக்குப் படம் வரைய வரும். கோடை விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு இருவருமாகப் போகத் தொடங்கினோம். நான் சார்ட்டில் யோனாவின் மீனை வரைய, அவள் அதன்முன் நின்று பேசினாள். எங்கள் குடும்ப வேதாகமத்தில் முதல் வாக்கியம் அந்த ஆண்டுதான் எழுதப்பட்டது.

ஆகவே எந்தப் பொறுப்பையும் ஏற்கும்முன் அவள் கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள். எல்லா வேலையையும் இருவரும் சேர்ந்தே செய்ய வேண்டும் என்பதில்லை; சேர்ந்து செய்யும் ஒன்றையாவது மற்ற எதுவும் தள்ளிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்ற அக்கம்பக்கக் குடும்பங்களின் கூட்டம் வீடுகளிலேயே நடப்பதால், தம்பதியராகப் பங்கெடுக்க அது எளிய தொடக்கம். இருவரும் வெவ்வேறு சபைகளிலிருந்து வந்திருந்தால், ஞாயிறு காலையில் எந்த ஆலயத்துக்குப் போவது, பிள்ளைக்கு எங்கே, எந்த வயதில் ஞானஸ்நானம் என்ற இரண்டையும் முதல் ஆண்டிலேயே பேசி முடியுங்கள். பிள்ளை பிறந்தபின் இந்தப் பேச்சில் நான்கு தாத்தா பாட்டிமாரும் சேர்ந்துகொள்வார்கள்.

பிள்ளை மட்டுமே நோக்கமாகும்போது

ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நிற்கும்போது "விசேஷம் உண்டா?" என்று கேட்பதைச் சபையார் அன்பு என்றே நினைக்கிறார்கள். கேட்கப்படும் பெண் அடுத்த ஞாயிறு பின்வாசல் வழியாகப் போகத் தொடங்குகிறாள். பிள்ளை கர்த்தர் தரும் ஈவு; ஆனால் வீட்டின் முழு நோக்கத்தையும் இன்னும் பிறவாத ஒரு குழந்தையின் தோளில் ஏற்றிவைத்தால், அது வரத் தாமதிக்கும்போது கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் குற்றவாளியாகத் தெரிவார்கள். பிள்ளை வந்து, வளர்ந்து, வேலைக்கென்று பெங்களூருக்கோ கனடாவுக்கோ போய்விட்டால், இருபத்தைந்து ஆண்டு சேர்ந்து வாழ்ந்த இருவரும் பேச ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளை வரும்முன்னே ஒரு பொதுவேலை இருந்தால், வரும் பிள்ளையும் அதில் வளரும். பொட்டலத்துக்கு நூல் வெட்டிக்கொடுக்கும் வயது மூன்றிலேயே வந்துவிடுகிறது. மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தால் இருவரும் சேர்ந்தே போங்கள், பரிசோதனையும் இருவருக்கும் ஆகட்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறப்பது

திருமண நாள் அன்று ஆலயத்தில் காணிக்கை வைத்து, கேக் வெட்டி, படம் எடுத்து அனுப்புவதோடு ஒரு மணி நேரத்தை இதற்கும் ஒதுக்குங்கள். குடும்ப வேதாகமத்தின் நடுப்பக்கத்தைத் திறந்து, எழுதிய வாக்கியத்தை ஒருவர் சத்தமாக வாசியுங்கள். கடந்த ஆண்டில் எத்தனை வாரம் அது நடந்தது, எந்த வாரங்களில் ஏன் நின்றது, அதில் யாருக்குச் சுமை அதிகம் விழுந்தது என்று பேசுங்கள். சுமை ஒருவர்மேல் மட்டும் விழுந்திருந்தால் அந்த நோக்கம் பெயருக்குத்தான் பொதுவாக இருந்திருக்கிறது. வேலையும் உடல்நலமும் ஊரும் மாறும்போது வாக்கியமும் மாறலாம். பழையதை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் கிழித்து, அதன்கீழே புதியதைத் தேதியோடு எழுதுங்கள்.

எங்கள் வேதாகமத்தில் இதுவரை நான்கு வரிகள் இருக்கின்றன. மூன்றின்மேல் கோடு விழுந்திருக்கிறது. நான்காவதைச் சென்ற ஆண்டு அவள் எழுதினாள். முழங்கால் வலியால் இப்போது அவளால் அதிக நேரம் நின்று கதை சொல்ல முடிவதில்லை. ஆகவே புதன்கிழமைதோறும் மணமக்கள் இருவரை வீட்டுக்கு அழைத்து, இரவுச் சாப்பாடு போட்டு, அவர்கள் கையில் ஆளுக்கொரு தாளைக் கொடுக்கிறோம். பேனாக்களைச் சரிபார்த்து மேசையில் எடுத்துவைப்பது என் வேலை.